தோட்டாவுக்கும் புளி

இண்டிபென்டன்ஸ், மிசூரி

அன்புள்ள அத்திம்பேருக்கு,

இங்கு நானும் இவளும் குழந்தைகளும் க்ஷேமம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுதவும்.

முதல் காரியமாக அக்காவிடம் சொல்லிவிடுங்கள்: நான் துப்பாக்கி வாங்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சின்னவன் போட்ட படத்தில் மேஜை முழுக்கப் பளபளவென்று கிடந்தவை தோட்டா இல்லை, தோட்டாவின் காலி ஓடு. உள்ளே மருந்து கிடையாது, மூக்கில் குண்டு கிடையாது, வெறும் பித்தளை. படத்தைப் பார்த்த அக்கா தாயார் சந்நிதியில் வேண்டிக்கொண்டதாகவும், அதற்குள் "தம்பி அமெரிக்கா போய் ஒரு மாதிரி ஆயிட்டானாமே" என்று உத்தர வீதியில் நாலு பேர் விசாரித்ததாகவும் தகவல் வந்தது. போனில் விளக்கினால் அக்கா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால் கடிதம். நீங்கள் படித்துவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இத்தனைக்கும் மூலகாரணம் நீங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த புதிதில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எந்த ஊர் என்று கேட்டார். காவிரி, கொள்ளிடம், நடுவே தீவு, தீவு நிறையக் கோயில், 236 அடி ராஜகோபுரம் என்று அடுக்கினேன். மரியாதைக்குத் தலையாட்டினார். மலைக்கோட்டையைச் சொன்னேன். அதற்கும் ஓர் ஆட்டு. பேச்சு வற்றிப்போன நேரத்தில், "எங்க அத்திம்பேர் சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர்" என்று ஒரு வார்த்தை விட்டேன். மனுஷர் வேலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வந்துவிட்டார்.

1966-இல் வந்த தொழிற்சாலை, ராணுவத்துக்கு இன்சாஸ் ரைஃபிள் செய்து கொடுத்தது, திருச்சியின் பெயரிலேயே ஒரு ரைஃபிள் இருக்கிறது என்றெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவர் பார்வையில் நான் தொட்டிலிலிருந்தே துப்பாக்கி பிடித்தவனாகிவிட்டேன். நம்மூரில் துப்பாக்கி என்பது டவுன் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான்; நான் கையால் தொட்ட ஒரே ஆயுதம் தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு வெடிக்கிற தகரத் துப்பாக்கி என்று சத்தியம் பண்ணினேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு, 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் திருச்சி கே.கே. நகர் வந்ததையும், அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தையும் சின்னவன் யூடியூபில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டிவிட்டான். "உங்க ஊர்ல சினிமா ஸ்டாரே சுடறார், நீ சுடலேங்கறயா?" என்கிறார்.

ஒரு நாள் பெட்டியைத் திறந்து பழைய ரைஃபிள் ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலே நம் அசோகச் சிங்கம்! "இது உன் அத்திம்பேர் செய்ததா?" என்று கேட்டார். பார்த்தால் இஷாப்பூர் ரைஃபிள். 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய லீ என்ஃபீல்டு மாடலையே புது 7.62 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்தார்களே, அந்த ஜாதி. நம் ராணுவம் கழித்துவிட்டதை இங்கே சர்ப்ளஸ் என்று வாங்கிப் பூஜை பண்ணுகிறார்கள். இஷாப்பூர் வங்காளத்தில் இருக்கிறது, திருச்சிக்கு அங்கிருந்து இரண்டு ராத்திரி ரயில் என்றேன். "ஆனாலும் ஒரே கம்பெனிதானே" என்றார். அப்போதைய கணக்குக்கு அதுவும் சரிதான், எல்லாம் ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி போர்டு. 2021 அக்டோபரில் அதை ஏழு கம்பெனியாகப் பிரித்த கதையை நான் எடுக்கவில்லை. உங்கள் பென்ஷன் எந்தக் கம்பெனியில் சேர்த்தி என்று நீங்கள் எனக்கு விளக்குவதே இன்னும் பாக்கி இருக்கிறது.

இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் இது ஜனாதிபதி ட்ரூமனின் ஊர் என்பது மட்டும். பிறகுதான் தெரிந்தது, லேக் சிட்டி என்ற ராணுவத் தோட்டாத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. 1941-இல் ஆரம்பித்தது. அமெரிக்க ராணுவத்தின் ரைஃபிள் தோட்டாவில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. கிழக்கே செடாலியா என்று ஓர் ஊர். அங்கே ஒரு கம்பெனி குண்டு செய்கிறது, இன்னொரு கம்பெனி பித்தளை ஓடு மட்டும் செய்கிறது. மேற்கே கான்ஸஸ் மாநில எல்லையைத் தாண்டினால் ஷானி. நாங்கள் பெருமாள் சேவிக்கப் போகும் கோயில் அந்த ஊரில்தான். ஹாட்ஜ்டன் என்ற வெடிமருந்துக் கம்பெனியின் தலைமையகமும் அதே ஊரில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய மருந்தை அரசாங்கத்திடம் மலிவாக வாங்கிச் சில்லறைக்கு விற்று ஆரம்பித்த வியாபாரம் அது. புளியோதரைப் பிரசாதமும் மருந்து டப்பாவும் ஒரே டிரிப்பில் வாங்கி வரலாம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை. இதுவரை அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போகாமல் சமாளித்து வருகிறேன்.

நம்மிடம் இதே விஷயம் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. துப்பாக்கி திருச்சியில், மருந்து நீலகிரியில் அருவங்காட்டில், தோட்டா மகாராஷ்டிரத்தில் கட்கியிலும் வரண்காவிலும். "துப்பாக்கி செய்யறவனுக்குத் தோட்டா செய்யத் தெரியாது" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, அதை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. அமெரிக்காவில் எல்லாரும் எல்லாவற்றையும் கராஜில் செய்துவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டாவில் நாலு சமாசாரம்: நுனியில் குண்டு, நடுவில் மருந்து, அடியில் பிரைமர் என்கிற சின்னப் பொட்டு, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளை ஓடு. சுட்டால் முதல் இரண்டும் போயே போய்விடும். பிரைமர் செத்துவிடும். பித்தளை மட்டும் வெளியே வந்து விழும். அதைக் கழுவி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பொட்டு வைத்து, மருந்து போட்டு, குண்டு செருகினால் மறுபடி தோட்டா. இதற்கு ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள இங்கே லைசென்ஸ் வேண்டாம், விற்கத்தான் வேண்டும். நம்மூர் போலீஸ் ரேஞ்சில் சுட்ட தோட்டாவின் ஓடு அத்தனையும் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் புல்லை விலக்கித் தேடுவார்கள் என்று சொல்வீர்கள். இங்கே எண்ணச் சொல்பவர் யாருமில்லை. ஆனாலும் எழுபது வயதுக் கிழவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, பிறத்தியார் சுட்டதைக்கூடப் பொறுக்குகிறார்கள். வீட்டில் கீழே விழுந்த டிவி ரிமோட்டை எடுக்க மனைவியைக் கூப்பிடுகிற ஆசாமிகள்.

பித்தளைதான் வேண்டும் என்று ஏன் இந்த அடம் என்று கேட்டேன். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அந்தக் கலவைக்கு ஒரு குணம் உண்டு. சுடும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. பித்தளை சட்டென்று விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆவி பின்பக்கம் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கினதும் இம்மியளவு சுருங்கிக்கொள்கிறது, அதனால் வெளியே இழுக்க வருகிறது. விரிகிற நேரத்தில் விரிந்து, விடுகிற நேரத்தில் விட வேண்டும். இரும்பு ஓடு, அலுமினிய ஓடு எல்லாம் வந்தாலும் மறுபடி மறுபடி உபயோகிக்க இதற்கு ஈடில்லை. அக்கா சமையலறையில் அண்டா, தவலை, கூஜா எல்லாம் எவர்சில்வருக்கு வழிவிட்டு முப்பது வருஷமாகிறது. துப்பாக்கி மட்டும் இன்னும் பித்தளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரரின் கராஜில் நான் செய்வது இதில் ஒரு பகுதிதான், ஆனால் நுணுக்கமான பகுதி. லேக் சிட்டியின் 5.56 ஓட்டை எடுத்து, அதிலிருந்து 300 பிளாக்அவுட் என்ற வேறொரு தோட்டாவின் ஓடு செய்வது. அது 2011-இல் அங்கீகாரம் வாங்கின புதுசு. முதலில் செத்த பிரைமரை ஊசியால் தட்டி எடுக்க வேண்டும். ராணுவ ஓட்டில் பிரைமர் கழன்றுவிடாமல் சுற்றி நசுக்கி வைத்திருப்பார்கள். அந்த நசுங்கலையும் நீக்க வேண்டும். அடுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட ரம்பம். ஓட்டைச் சட்டத்தில் படுக்க வைத்து, தோளுக்குக் கொஞ்சம் கீழே வெட்டினால் கழுத்தும் தோளும் துண்டாகப் பறக்கும். பழைய நீளம் 44.7 மில்லிமீட்டர், முடிவில் நிற்க வேண்டியது 34.7. மீதி உடம்பை எண்ணெய் தடவி, டை என்ற கெட்டி எஃகு அச்சுக்குள் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து ஏற்றினால், உடம்பாக இருந்த இடம் குறுகிப் புதுத் தோளாகவும் கழுத்தாகவும் மாறி இறங்குகிறது. கைப்பிடி பாதி வரை சும்மா வரும். அதற்கப்புறம் பித்தளை எதிர்ப்பது முழங்கை வரை தெரியும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் போச்சு.

எண்ணெய் விஷயத்தில் இவர்கள் அக்காவைவிடக் கண்டிப்பு. போதாவிட்டால் ஓடு டைக்குள் சிக்கிக்கொள்ளும்; துளை போட்டுத் திருகாணி முறுக்கித்தான் எடுக்க வேண்டும். அதிகமானால் எண்ணெய் போக இடமின்றித் தோளில் குழி விழுந்துவிடும். அவர் உபயோகிப்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பை ஆல்கஹாலில் கரைத்தது. தெளித்துவிட்டு ஆல்கஹால் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்த்துக் கட்டைவிரலோடு தேய்த்து, "ம்" என்பார். அந்த "ம்" வராமல் ஒரு ஓடும் டைக்குள் போகாது.

பிறகு வெர்னியர். ஒவ்வொன்றையும் அளந்து நீளத்தைச் சீவி, வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, கழுத்தின் கனம் பார்க்க வேண்டும். ஏனென்றால் இப்போது கழுத்தாக நிற்பது முன்பு உடம்பு. சில கம்பெனி ஓட்டில் அந்த இடம் தடிப்பு. குண்டைக் கவ்வின பிறகு கழுத்து பருத்து சேம்பரில் இறுக்கினால், சுடும்போது குண்டை விடாமல் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால்தான் அடியில் லேக் சிட்டியின் எல்.சி. முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இந்த மனுஷர் அடிக்கும் கூத்தைப் பார்த்தால் உங்களுக்கு மனசு நிறைந்துவிடும். இத்தனை நறுவிசு உள்ளவர் பிளம்பராக வேலை பார்த்த வீடுகளில் ஒரு குழாயும் ஒழுகியிருக்காது என்று நினைத்தேன். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது.

அடுத்தது அனீலிங். மடக்கி நீட்டின பித்தளை கெட்டிப்பட்டுப்போகும், இரண்டு தடவை சுட்டால் கழுத்து கீறிக்கொள்ளும். அதனால் கழுத்தை மட்டும் காஸ் சுடரில் சில நொடி காட்டி இளக்க வேண்டும். அடிப்பாகம் சூடாகவே கூடாது. அது இளகினால் அழுத்தம் தாங்காது, சுடுகிறவன் முகத்துக்கு ஆபத்து. கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் கழுத்து மங்கலாகச் சிவக்கத் தொடங்குகிறதா என்று பார்த்து, சிவந்த கணமே தண்ணீரில் தள்ளுகிறார். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும் என்றுதானே நீங்கள் சொல்வீர்கள், இங்கே இளக்க வேண்டியதை ஏன் முக்குகிறார் என்று எனக்கு ஒரே குழப்பம். கேட்டேன். பித்தளைக்கு அந்த ஜாதகமே இல்லையாம். மெதுவாக ஆறினாலும் முக்கினாலும் ஒன்றுதான், தண்ணீர் வெறுமனே சூடு கீழே இறங்காமல் தடுக்க. ராணுவ ஓட்டின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு கறை தெரியுமே, அது அழுக்கு இல்லை. அனீல் செய்ததற்கு அத்தாட்சியாகத் துடைக்காமல் விடுகிறார்கள். கடையில் விற்கிறவர்கள் மெருகு போட்டு அழித்துவிடுவார்கள்.

இனிமேல்தான் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டிய இடம்.

இந்த ஓட்டையெல்லாம் கழுவ வேண்டும். சிலர் அரைத்த சோளக் கதிர்த் தண்டில் போட்டு மணிக்கணக்காகக் குலுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருடையது உருளை. எவர்சில்வர் ஊசித் துண்டுகள், பாத்திரம் விளக்கும் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலப் பொடி, தண்ணீர் எல்லாம் போட்டு மூடிச் சுற்றவிடுவார். எலுமிச்சை படம் போட்ட அந்தப் பொடி உண்மையில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு வைத்தது. ஒரு சனிக்கிழமை டப்பா காலி. கடைக்குக் கிளம்பியவரை நிறுத்தி, வீட்டுக்குப் போய் ஒரு உருண்டைப் பழம்புளியைக் கரைத்து வடிகட்டிக் கொண்டுவந்தேன். ஏதோ மாந்திரீகம் பண்ணுகிறேன் என்பதுபோல் பார்த்தார். மூடியைத் திறந்தபோது கராஜ் முழுக்க வத்தக்குழம்பு வாசனை, ஓடு அத்தனையும் தங்கம். கார்த்திகைக்கு முன்னால் அக்கா குத்துவிளக்கைத் தேய்த்து முற்றத்தில் வெயிலில் வைப்பாளே, அதே நிறம். இரண்டு நிமிஷம் பேசவில்லை அவர். பிறகு, "இதை உங்க ஊர்ல எவ்வளவு நாளா செய்யறீங்க?" என்று கேட்டார். எங்கள் பாட்டிக்குப் பாட்டிக்கும் முன்னாலிருந்து என்றேன். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், கறுப்பைக் கரைக்கும். ஆனால் ஊறவிட்டால் துத்தநாகத்தையும் அரித்துத் தின்று பித்தளை ரோஸ் நிறமாகும். "புளி போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் பேசப் போகாதே, செம்பு மாதிரி சிவந்துடும்" என்று அக்காவை அம்மா திட்டியதற்கு விஞ்ஞானம் இதுதான்.

"பிராஸோ போடலாமே" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். இவர்களுக்கு அந்தப் பேரைச் சொன்னால் பாம்பைப் பார்த்த மாதிரி. அதில் அமோனியா உண்டு. அமோனியாவும் தோட்டாப் பித்தளையும் ஆகவே ஆகாது, அந்தப் பகையை உலகம் கண்டுபிடித்ததே நம் நாட்டில்தான். இதை அவர் சொல்லித்தான் நான் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் வந்தால் ராணுவ நடமாட்டம் குறைந்துவிடும், தோட்டாவைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் ஓடெல்லாம் கீறல், அதுவும் குண்டைக் கவ்வுகிற கழுத்தில். பருவத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்று மூன்று பேர் 1921-இல்தான் காரணத்தைச் சொன்னார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, கூடவே இழுத்து நீட்டின உலோகத்துக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம். இரண்டும் சேர்ந்தால் வெடிப்பு. ஒன்றை விலக்கினால் போதும். அனீல் பண்ணினால் இறுக்கம் போய்விடும். சாம்ராஜ்யத்தின் தோட்டாவைக் குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்று ஒழித்துக்கட்டியிருக்கின்றன. நம் சுதந்திரப் போராட்டத் தியாகிகள் பட்டியலில் அவற்றைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உடனே எனக்கு ஈயம் பூசுகிறவர் ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை வருமே, நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்போமே. நவச்சாரம் அமோனியா உப்புதானே! அப்படியானால் நம் தவலைகள் ஏன் வெடிக்கவில்லை? யோசித்துப் பார்த்தால் அவர் பாத்திரத்தை முதலில் நன்றாகக் காய்ச்சிவிடுகிறார். அந்தச் சூட்டிலேயே உள் இறுக்கம் போயிருக்கும். நான் சொன்ன இந்தக் காரணம் சரியா என்று நீங்கள்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் காகிதத்தில் எழுதி சுவரில் ஒட்டிவிட்டார், அதனால் சரியாக இருந்தாக வேண்டும்.

கழுவினதை உலர்த்துவதில்தான் எங்கள் வீட்டில் பூகம்பம். அவர் மனைவி புது மாடல் வாங்கித் தந்ததால், பழம் காய்கறி உலர்த்தும் பழைய மின்சாரப் பெட்டி ஒன்றை இவளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அஞ்சு தட்டு. மிசூரி வெயிலை நம்பி வடாம் இட்டு இரண்டு வருஷமாக ஏமாந்தவள், பெட்டியைப் பார்த்ததும் ஜவ்வரிசி ஊறப்போட்டுவிட்டாள். கூழ் கிளறி, தட்டில் பிளாஸ்டிக் விரித்து, கரண்டியை எடுக்கிற நேரத்தில் தட்டின் மூலையிலிருந்து ஒரு காலி ஓடு உருண்டது. விசாரித்தால், இத்தனை நாளாகத் தோட்டா ஓடு உலர்த்தின பெட்டி. செத்த பிரைமரின் கரியில் ஈயம் இருக்கும். ஓடு தொட்டால் கையுறை போடு, சாப்பிடுமுன் கையைச் சோப்பு போட்டுக் கழுவு என்று எனக்கு ஆயிரம் தரம் உபதேசம் பண்ணினவர், அந்தப் பெட்டி கராஜிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்ததைக் கவனிக்கவில்லை. வடாம் கூழை அன்று ராத்திரி எல்லாரும் தயிர் விட்டுக் குடித்தோம். "குத்துவிளக்கு தேய்ங்கோன்னா முதுகு வலிக்கும், ஊரான் தோட்டாவுக்குப் புளி கரைச்சுண்டு போறேள்" என்று இவள் சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதியிருக்கிறேன்.

இதனால் என்ன லாபம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். புதுத் தோட்டா வாங்குவதில் பாதி செலவுதான் என்று காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரஸ், டை, ரம்பம், வெர்னியர், தராசு, உருளை, இவற்றின் விலையைச் சேர்க்கவில்லையே என்றேன். "அது முதலீடு" என்றார். மிச்சமாகிற காசை என்ன செய்கிறீர்கள் என்றேன். "இரண்டு மடங்கு சுடுகிறேன்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். 2020, 21-இல் கொரோனா சமயம் பிரைமருக்குத் தட்டுப்பாடு வந்து, விலை எங்கேயோ போய், பெட்டி நிறையக் காலி ஓடு வைத்துக்கொண்டு பொட்டில்லாமல் உட்கார்ந்திருந்தாராம். அந்தக் காலத்தில்தான் ஓட்டைக் கழுவியே பொழுது போக்கப் பழகினாராம்.

பிரைமர் என்றதும் இன்னொன்று. அவரிடம் கே.எஃப். முத்திரை போட்ட .303 ஓடுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. நம் கட்கி தொழிற்சாலை! ஆசையாக எடுத்தேன். "உன் நாட்டு ஓடு என் ஊசியை உடைத்துவிட்டது" என்று குற்றப்பத்திரிகை வாசித்தார். அடியில் நடுத் துவாரம் ஒன்று இருந்தால் ஊசி விட்டுச் செத்த பொட்டைத் தட்டிவிடலாம். இதில் பக்கத்துக்கொன்றாக இரண்டு சின்னத் துவாரம், ஊசி நடுவில் முட்டி முறிகிறது. ஒற்றைத் துவாரம் பாக்ஸர் முறை, இரட்டை பெர்டன் முறை. பாக்ஸர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை அமெரிக்கா வைத்துக்கொண்டது, அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பாவும் பிரிட்டிஷ் ராணுவமும் எடுத்துக்கொண்டன. அது நம் தலையிலும் வந்து விழுந்தது. எனவே குற்றவாளி உங்கள் நாட்டுக்காரர்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இதிலெல்லாம் கை வைக்க ஆரம்பித்தது கிரீன் கார்டு வந்த பிறகுதான் என்பதையும் அக்காவிடம் சொல்லுங்கள். விசாவில் இருக்கிறவன், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இங்கத்திய மத்தியச் சட்டத்தில் தோட்டா என்றால் காலி ஓடும் சேர்த்திதான். நம் 1959 ஆயுதச் சட்டமும் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாவோடு சேர்த்தே வைத்திருக்கிறது. அதனால், நினைவுக்கு ஒரு ஓடு கொண்டுவா என்று நீங்கள் குழுவில் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் விமானத்தைவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் போன வெளிநாட்டுத் தமிழர் கதையெல்லாம் பேப்பரில் வருகிறது. திருச்சி ஏர்போர்ட்டில் எக்ஸ்ரே முன்னால் நின்றுகொண்டு, "இது எங்க அத்திம்பேருக்கு, அவர் துப்பாக்கித் தொழிற்சாலை" என்று சொல்லிப் பாருங்கள், கேஸ் இன்னும் கெட்டிப்படும். சின்னவனுடைய பையை நானே கவிழ்த்து உதறிவிட்டுத்தான் கிளம்புவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கு மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறார். ஒன்று, டை செய்து கெட்டிப்படுத்த உங்கள் பட்டறையில் எந்த எஃகு. இரண்டு, லேத்தில் பித்தளை கடையும்போது உளியின் முனையை எப்படித் தீட்டுவீர்கள், அவருக்குக் கடித்துக்கொள்கிறதாம். மூன்று, புளி எந்த வகை, பழசா புதுசா, நூறு ஓட்டுக்கு எவ்வளவு. மூன்றாவதை அக்காவிடம் கேட்டு எழுதுங்கள். "கண்ணளவு" என்று மட்டும் பதில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் அந்த அளவுக்கு ஒரு கருவி வாங்கக் கிளம்பிவிடுவார். பதிலைத் தபாலிலேயே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் சின்னவன் உடனே அவருக்குச் சொல்லிவிடுகிறான், ராத்திரி பத்து மணிக்கு மொழிபெயர்த்துக் கொடு என்று கதவைத் தட்டுகிறார்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இவள் புது உலர்த்தும் பெட்டி வாங்கிவிட்டாள். அதன் மேல் தமிழிலும் இங்கிலீஷிலும் "வடாம் மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.